மேகத்தை மோந்து சொல்பவர்

மேக மோப்பக்காரர் என்றொரு இனம் உண்டு. ஒரு சர்வர் யாருடைய கிளவுடில், அதாவது எந்தக் கம்பெனியின் வாடகை இடத்தில் ஓடுகிறது என்பதை, அந்த சர்வரைக் கேட்காமலே சொல்லிவிடும் மகான்கள் இவர்கள். ஸ்ஃபாக்ஸ் நகரத்து டயாலிசிஸ் மையம் ஒன்றின் கணினி அறைக்கு வாய்த்தவர் லம்ஜெத். சர்வர் மெதுவாகப் பதில் சொன்னால் "சீனாக்காரன்", வேகமாகச் சொன்னால் "அமெரிக்காக்காரன்", சொல்லவே இல்லையென்றால் "நான் அப்பவே சொன்னேன்". இவ்வளவுதான் வித்தை.

அன்று சர்வரிலிருந்து ஒரு வட்டு கழன்றுகொண்டது. மறுநாள் காலை வரவேண்டிய நாற்பது நோயாளிகளில் யாருக்கு எத்தனை மணிக்கு, என்ன மருந்து, எல்லாம் அதில்தான். கம்பெனிக்காரர்கள்தான் திரும்ப மாட்டித்தர வேண்டும். எந்தக் கம்பெனி? சர்வரை அமைத்தவன் மாண்ட்ரியலுக்குப் போய்விட்டான், போனை எடுப்பதில்லை. பொறுப்பிலிருந்த நஸீஹா தானே பார்த்துவிடலாம் என்று எழுந்தாள். ஆனால் மூத்தவர் உட்கார்ந்திருக்கும்போது விசைப்பலகை அவள் கைக்கு வருமா?

லம்ஜெத் ஹரீஸா என்ற மிளகாய் விழுது தடவிய ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, சர்வருக்குள் நுழைந்து, 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தட்டினார். பதில் வந்தது.

"பாத்தியா தங்கச்சி? அமெரிக்காக்காரனேதான்! இது அவன் வீட்டு நம்பர்."

"நிச்சயமாத்தானா, சி லம்ஜெத்?" அந்த ஊரில் பெரியவர்களை மரியாதையாக 'சி' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"என் மூக்கையே சந்தேகப்படுறியா?"

ஐயா, அந்த எண் அநேகமாக எல்லாக் கம்பெனிகளிலும் உண்டு! சந்தையில் நின்று "முகம்மது!" என்று கத்தி, திரும்பிப் பார்த்தவனை மச்சான் என்று கட்டிக்கொண்ட கதைதான். நஸீஹா ஒன்றரை மணி நேரம் போனில் காத்திருப்புப் பாட்டுக் கேட்டபிறகு அமெரிக்காக்காரர் சொன்னார்: "இது எங்க மெஷின் இல்லம்மா." அடுத்த மோப்பம் சீனா. அவர்களும் கையை விரித்தார்கள். சாயங்காலம் மணி நாலாகிவிட்டது.

"எந்திரிங்க சி லம்ஜெத். நீ யாருன்னு அதுகிட்டயே கேட்டுக்கறேன்."

சர்வர் தன்னைச் செய்தவரின் பெயரை எழுதி வைத்திருக்கும் கோப்பை நஸீஹா திறந்தாள். ஒரே வரி. மூன்றாவதாக ஒரு கம்பெனி. அங்கே போன் போட்டாள். கால் மணி நேரத்தில் வட்டு மாட்டப்பட்டது. நாற்பது பெயர்களும் திரையில் வந்து நின்றன. அவள் அழுதேவிட்டாள்.

லம்ஜெத்? மீதி ரொட்டியைக் கடித்தபடி, "எனக்கு முதல்லயே லேசா அந்த வாடை அடிச்சுது" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அந்த மூன்றாவது கம்பெனியின் பெயரை நான் எங்குமே எழுதவில்லை. ஆனால் உங்கள் மூக்கு இந்நேரம் ஒரு பெயரைச் சொல்லியிருக்குமே?