பயற்றங்காய்க்குப் பத்துமலைத் திருநீறு

சுங்கை பூலோ,
11.3.1987

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பாலன் அவர்களுக்கு,

மாமனார் ரெங்கசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை பவுனம்மாளும் சௌக்கியம். டெலிபோன்தான் மூன்று நாளாகச் சௌக்கியமில்லை, அதனால் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யார் என்ன சொன்னாலும் பதற வேண்டாம், உங்கள் பயற்றங்காய் தோற்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே கொல்லையில் இரண்டு வரிசை போட்டேன். இடது பக்கம், இலையில் வெள்ளைப் பொடி படிகிற சாம்பல் நோய் வந்தால் உடனே படுத்துவிடுகிற பழைய ரகம், வலது பக்கம் அந்த நோயைத் தாங்குவதற்கென்றே நீங்கள் ஐந்து வருடமாக ரகத்தோடு ரகம் சேர்த்து உண்டாக்கிய புது ரகம். மருந்து அடிக்காதீர்கள் மாமா, நோய் தானாக வரட்டும், தாங்கும் குணம் விதையிலேயே இருக்கிறதா பார்ப்போம் என்றீர்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது. உங்கள் அத்தை வழியில் யாருக்கும் சளி பிடிக்காது, என் வழியில் மேகத்தைப் பார்த்தாலே தும்முவோம், அதே கதைதான். முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன் நான், ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை.

நேற்று உங்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சந்திரகலா வந்தார், வந்தவர் காபிகூடக் குடிக்காமல் கொல்லைக்குப் போனார், பார்த்தால் இரண்டு வரிசையிலும் இலையெல்லாம் வெள்ளைப் பொடி, "அங்கிள், ரெண்டு பக்கமும் நோய் வந்துருச்சு லா. பாலன் சார் ரகம் ஃபெயில்" என்று நோட்டில் எழுதியும்விட்டார், மாதக் கடைசியில் ரகத்தை ஏற்பதா என்று முடிவு செய்கிற கமிட்டி இதைப் பார்த்தால் உங்கள் ஐந்து வருடமும் குப்பைக்குத்தானே? அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை வந்து, "நோயும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, நான் தூவுன திருநீறு. தைப்பூசத்துக்குப் பத்துமலையில வாங்கிட்டு வந்தது" என்றாள். நான் உடனே பக்கத்தில் இருந்த இடது வரிசையில் ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். திருநீறேதான்! சந்திரகலா சிரித்துக்கொண்டே எழுதியதை அடித்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்.

ஆகவே அத்தையைக் கோபிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்காமல் நீங்கள் பட்ட பாடு வீண்போகவில்லை என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் ரகம் ரவாங் முதல் கிள்ளான் வரை பந்தல் ஏறட்டும். உங்களுக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
ரெங்கசாமி

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் அத்தையிடம் எந்த வரிசையில் தூவினாய் என்று கேட்டேன். "சீக்கா கெடந்த இடது பக்கத்துக்கு மட்டுந்தான். நல்லா இருந்ததுக்கு எதுக்குங்க திருநீறு?" என்கிறாள். ஓடிப்போய் வலது வரிசை இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், மாப்பிள்ளை. அது திருநீறு இல்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஆனால் அதே வரிசையின் கோடியில், சுற்றிலும் நோய் இருந்தும் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லாமல் ஒரே ஒரு செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது. மாப்பிள்ளையின் ஐந்து வருடமும் இந்தச் செடியில்தான் இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னது தப்பாகப் போயிற்று. கண் பட்டுவிடுமாம், அத்தை இப்போதுதான் டப்பாவோடு போய் அதற்கும் பூசிவிட்டு வந்தாள். வியாழக்கிழமைக்குள் சந்திரகலாவிடம் சொல்லிவையுங்கள், வலது வரிசையில் அது மட்டும் திருநீறு.