நாய்க்குப் பக்கத்தில் ஒரு குழி

அப்ஜு மணல்மேட்டில் அரசர் கல்லறை வேலையை மேற்பார்க்கும் என் மனைவியின் தமையனார் இனிக்கா அவர்களுக்கு, வெண்மதில் அரண்மனையில் மதுச் சாடிகளுக்கு முத்திரையிடும் மெருத் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஹெதெப்பும் நலம். அரசர் நலமாக இல்லை. ஆகவே என் நலம் எத்தனை நாளைக்கு என்று சொல்வதற்கில்லை.

அரசரின் கல்லறையைச் சுற்றி வெட்டும் ஊழியர் குழிகளில் எனக்கும் ஒன்று பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி. கேட்காமலே செய்தீர்கள். அரசர் மறுமைக்குப் போகும்போது நானும் கூடவே போய், அங்கேயும் சாடி மூடுவது பெரிய மரியாதைதான். ஹெதெப் ரொட்டி அடுப்படியில் ஊரைக் கூட்டி, "எங்க வீட்டுக்காரர் பேரு குழிமேல நடுற கல்லுல ஏறியாச்சு. எல்லாம் எங்க அண்ணன் ஏற்பாடு. உங்க வீட்டு ஆளுங்களை ஆத்தங்கரை மண்ணுலதான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். "அடியே, நான் இன்னும் சாகலையே" என்றேன். "அதுக்கென்ன அவசரம்? அரசர் முதல்ல போகட்டும்" என்றாள்.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வாயில் இன்னும் எல்லாப் பல்லும் இருக்கிறது. போன வெள்ளம் வடிந்ததும் நட்ட அத்தி இன்னும் காய்க்கவில்லை. வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று பெயர் வாங்கினால் குழியும் போய்விடும் என்று எண்ணி, சாடிகளின் களிமண் மூடியில் அரசர் பெயர் செதுக்கிய உருளையைத் தலைகீழாக உருட்டினேன். முத்திரையில் அரண்மனைமேல் நிற்க வேண்டிய பருந்து கால் மேலே, தலை கீழே என்று விழுந்தது. கருவூலத் தலைவர் என்னை இழுத்துக்கொண்டு போய் அரசர் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். பல நாளாகக் கஞ்சிகூட இறங்காத அரசர், சாடியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "பருந்து குடிச்சுட்டுக் கவுந்து கெடக்குய்யா! இவன் அங்கேயும் என் பக்கத்துலயே இருக்கணும்" என்று கட்டளை போட்டார். கடைசி வரிசையில் இருந்த என் குழி, அரசர் கல்லறையின் வாசலுக்கே நகர்ந்தது இப்படித்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

சரி, வடக்கே சதுப்பு நிலத்து மாடுகளை எண்ணப் போகும் படகில் தொற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். மதில்வாசல் காவலன் பெயரைக் கேட்டான். சொன்னேன். "பேரு கல்லுல இருக்கிறவங்க வெளியூர் போகக் கூடாதுங்க. அரசர் திடீர்னு கிளம்பிட்டா உங்களை எங்கன்னு தேடுறது?" என்றான். நியாயமான கேள்விதான்.

புதுக் குழிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அரசரின் வேட்டை நாய் நெப் என்று கேள்வி. அதற்கும் தனிக் கல்லாம், என் கல்லைவிடப் பெரிதாம். போன அறுவடையின்போது என் கெண்டைக்காலைப் பதம் பார்த்த அதே நாய்தான். முடிவில்லாத காலம் முழுக்க அதன் பக்கத்தில் காலை மடக்கிப் படுக்க வேண்டுமா?

கடைசியில் ஒரு வழி பிறந்தது. அரசரின் செருப்பைத் தூக்கும் சேபி, தனக்குக் குழி கிடைக்கவில்லையே என்று அழாத குறை. "என் இடத்தை எடுத்துக்கோ" என்றேன். "நெஜமாவா அண்ணே? உங்களை உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்" என்று காலில் விழுந்தான். கருவூலத் தலைவரும், "கல்லுல யார் பேரு இருக்கோ அவன்தான் ஆளு. மத்ததை நான் பாக்கல" என்று சொல்லிவிட்டார். ஆகவே இது கண்டவுடன் என் பெயரைச் சுரண்டிவிட்டு, சேபியின் பெயரை வெட்டிவிடுங்கள். இந்தக் கடிதத்தை நாளைப் படகில் அனுப்புகிறேன்.

நைல் உங்கள் வயலில் அளவாக ஏறி அளவாக இறங்கட்டும். உங்கள் பார்லிக் கள் பொங்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

என்றும் உங்கள்,
மெருத்

பின்குறிப்பு: இன்று உச்சிவேளையில் அரசர் மறுமைக்குப் புறப்பட்டுவிட்டார். எல்லாப் படகுகளையும் நிறுத்திவிட்டார்கள். அப்ஜுவுக்குப் போவது அவருடைய படகு மட்டும்தான். சேபியைக் காணோம். சதுப்பு நிலத்தில் அவன் அத்தைக்கு உடம்பு சரியில்லையாம். அவன் பெயர்தான் எந்தக் கல்லிலும் இல்லையே, காவலன் தாராளமாக விட்டுவிட்டான். ஹெதெப் அழுகிறாள், உங்களைத் திட்டுகிறாள். இந்தக் கடிதத்தை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். பெயரைச் சுரண்ட வேண்டாம். நாயை மட்டும் ஒரு குழி தள்ளிப் போடுங்கள். அதுவும் எங்கள் படகில்தான் வருகிறது. இப்போதே என்னைப் பார்த்து உறுமுகிறது.