கூட வந்தவரைக் கேட்கிறவர்

கூட வந்தவரைக் கேட்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, அதைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம், "இவங்க சாப்பிட்டாங்களா?" என்று விசாரிப்பாரே, அவர்தான். கெட்டவர் இல்லை. ஆண்டவன் அவருக்கு இரக்கத்தை அள்ளித்தான் கொடுத்திருக்கிறான். கொண்டுபோய்ச் சேர்க்கிற விலாசம்தான் தப்பிப் போகிறது.

துணிக்கடையில் என் தங்கச்சி புடவையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று என்னைக் கேட்பார். சாமி கும்பிடப் போன இடத்தில், "பாவம், பிறவியிலேயேவா?" என்று என் காதோரம் ரகசியமாகக் கேட்பார், அவளுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி. தப்பித்தவறி அவளிடமே பேச நேர்ந்தால் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். கால் நடக்காவிட்டால் தமிழ் மறந்துவிடுமா என்ன?

இந்த இனத்தில் ஒசத்தியான வகை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அங்கே இது பாடமாகவே நடக்கிறது.

தங்கச்சி டாக்ஸி ஆபீசில் போன் எடுக்கிறவள். காதில் வலி வந்து, கேட்பதும் மங்கிப்போனது. காது போனால் வேலை போச்சு. பயந்துபோய் ஓடினோம். பெரிய டாக்டர், படிக்கிற பிள்ளைகள் புடைசூழ வந்தார். மாற்றுத்திறனாளிகளை மரியாதையாக நடத்த வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டேதான் வந்தார். சொன்ன வாய் மூடுவதற்குள் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன செய்யுது?" என்றார்.

"காது வலிக்குது டாக்டர்" என்றாள் தங்கச்சி.

அவர் என்னைப் பார்த்தே தலையாட்டிவிட்டு, கால் எப்போதிலிருந்து இப்படி என்றார். அவ்வளவுதான், பிள்ளைகள் அத்தனை பேரும் குனிந்து, முட்டியைத் தட்டி, பாதத்தைச் சுரண்டி, விரலை மடக்கி, யாரிடமும் ஒரு புகாரும் சொல்லாத அந்தக் கால்களை ஆராய ஆரம்பித்தார்கள். டாக்டர் என்னிடம், "நல்லா தூங்குறாங்களா? கோபப்படுவாங்களா?" என்று தொடர்ந்தார்.

தங்கச்சி அவர் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் திரும்பினாள்.

"தம்பி, உங்க சாருக்குக் காது கேக்குமா?"

வாத்தியாரைப் பார்த்துப் படித்த பிள்ளை அல்லவா? "நல்லா கேக்கும்க்கா" என்றான்.

"கோபப்படுவாரா?"

"கொஞ்சம் படுவார்."

டாக்டர் அந்தப் பையனைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, தங்கச்சியைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"எந்தக் காதும்மா?"

உள்ளே சீழ் கட்டியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கேட்பதற்கே ஆபத்து என்று அவளிடமே சொன்னார். பிள்ளைகளிடம், "எல்லாரும் காலைப் பார்த்தோம். காதை யாரும் பார்க்கல. நானும்தான்" என்றார். நல்ல மனுஷன். ஆனால் பழக்கம் என்பது ஒரு மாத்திரையில் இறங்குகிற காய்ச்சலா? சீட்டை எழுதி முடித்ததும் கை தானாக என் பக்கம் நீண்டது. "இதை அவங்களுக்கு" என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டு சீட்டை அவள் கையில் கொடுத்தார்.

அது சரி. இவ்வளவும் படித்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு இப்போ காது எப்படி இருக்கு?" என்று என்னைத்தானே கேட்க வருகிறீர்கள்? அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளையே கேளுங்கள். மெதுவாகக் கேட்டாலே போதும்.