கடனுக்குப் பிணை நின்ற சிக்னலக்கா

ஒரு வெளிநாட்டு அரசாங்கம் இலங்கை அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்குத் தானே நேரில் பிணை நின்றிருப்பதாக நம்பி, அந்தக் கவலையில் இளைத்து, கடையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிய ஒரே பெண்மணி இந்த உலகத்தில் எங்கள் சிக்னலக்காதான். நிதியமைச்சர்கள்கூட இவ்வளவு கவலைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் பாதையில் ஒரு பெரிய வளைவு இருக்கிறது. அந்த வளைவில் தகரக் கூரை போட்ட ரொட்டிக் கடை அக்காவுடையது. கடைக்குக் கீழே பள்ளத்தில் தோட்டத்து லயங்கள், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயங்களில் எல்லார் கையிலும் போன் இருந்தது, சிக்னல் மட்டும் இல்லை. சிக்னல் வளைவில்தான் கிடைக்கும். பேச வேண்டுமென்றால் மலை ஏறி அக்கா கடைக்கு வந்தாக வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று வாக்காளர் பட்டியலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ரொட்டி வாங்கினால்தான் பேசலாம் என்று அங்கே சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ரொட்டி வாங்காமல் பேசுகிறவரை அக்கா பார்க்கிற பார்வையில் போன் சூடாகிவிடும். பேசுவதற்கு இடமும் பிரித்து வைத்திருந்தார். சவுக்கு மரத்தடி கத்தார், துபாய் அழைப்புகளுக்கு. பெஞ்ச், ஆஸ்பத்திரி விஷயங்களுக்கு. காதலர்கள் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். புகை கண்ணைக் கரித்தால் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள் என்பது அக்காவின் எண்ணம். அவர்களோ கண்ணீரோடு இன்னும் உருக்கமாகப் பேசினார்கள்.

இடம் கொடுத்தவர் சும்மா இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டார். ஒரு பெண் கத்தாரில் இருக்கும் புருஷனிடம் வீட்டில் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா ரொட்டி தட்டியபடியே குரல் கொடுத்தார்.

"நல்லாருக்குன்னு சொன்னா அவன் எதுக்குக் காசு அனுப்பப் போறான்? கூரை ஒழுகுறதச் சொல்லு புள்ள. சொல்லிட்டுக் கொஞ்சம் அழு."

கத்தார்க்காரர் அதைக் கேட்டுவிட்டு, போனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லி, தகரம் என்ன விலை என்று அக்காவிடமே விசாரித்தார்.

இன்னொரு இளைஞன், பெண் பார்த்த வீட்டாரிடம் தான் எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் மேனேஜர் என்று அளந்துகொண்டிருந்தான். அவன் அங்கே தட்டுக் கழுவுகிறான் என்று அக்கா உரக்கத் திருத்தினார். சம்பந்தம் முறிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பெண்ணின் அப்பாவோ, பையன் பொய் சொன்னாலும் பக்கத்தில் நிஜம் சொல்ல ஒரு ஆள் வைத்திருக்கிறானே என்று மகிழ்ந்து அந்த மாதமே கல்யாணத்தை முடித்தார். அக்காவுக்குப் பட்டுச் சேலை வந்தது.

சிக்னலைப் பற்றி அக்காவுக்குச் சொந்தமாகச் சில கொள்கைகள் உண்டு. அது பனிமூட்டத்தில் ஈரமாகிக் கனத்துவிடும்; வெங்காயம் வெட்டினால் ஒதுங்கிப் போகும்; கோபமாகப் பேசுகிறவனிடம் நிற்காது. இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்று ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் போனில் சிக்னல் போய்விட்டது. அதோடு அந்த விவாதம் முடிந்தது.

நான் பதுளையில் ஒரு கடைக்காரரின் மகன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் ஓரளவு வாயில் நிற்கும் என்பதால், மலைப் பகுதிகளுக்கு இன்டர்நெட் கேபிளும் போன் டவர்களும் போடும் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். காசு ஒரு வெளிநாட்டு அரசாங்கம் நமக்குக் கொடுத்த கடன். அந்த நாட்டு எஞ்சினியர் ஒருவர் கூடவே வந்திருந்தார். மெலிந்த மனிதர், எதற்கெடுத்தாலும் தலைகுனிந்து வணங்குவார்.

தோட்ட மக்களுக்கு விளக்கம் சொல்லும் கூட்டம், பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. பெரிய நாற்காலிகள் இல்லை. அதிகாரிகள் மழலையர் நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இது சலுகைக் கடன், வட்டி மிகக் குறைவு, பல வருஷம் தவணை என்று ஓர் அதிகாரி சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அக்கா எழுந்தார்.

"யாரு திருப்பிக் கட்டுறது?"

அரசாங்கம் என்றார் அதிகாரி.

"அரசாங்கத்துக்கு யாரு குடுக்குறது?"

மக்கள், வரியாக, என்று அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப நானுந்தான் பிணை. ஒரு வார்த்த கேக்காமப் பிணை போட்டிருக்கீங்க. சரி, போட்டது போட்டாச்சு, நல்லபடியா நடக்குதான்னு நான் பாத்துக்கிறேன்."

எஞ்சினியர் என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார். இந்த அம்மாள் உங்கள் கடனுக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறார் என்றேன். அவர் எழுந்து அக்காவை நோக்கி ஆழமாக வணங்கினார். நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டே எழுந்தது. அக்காவும் வணங்கினார். அன்றிலிருந்து அவர் அக்காவுக்குக் 'கடன் தம்பி' ஆனார். எங்களுக்கு விலகாத நிழலாக அக்கா ஆனார். எந்தக் குழி தோண்டினாலும் ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். கேபிள் சுருளைத் தட்டிப் பார்த்து, தேங்காய் முற்றியதா என்று பார்ப்பது போல் காது கொடுத்துக் கேட்பார்.

இந்த அக்கறைக்கு ஒரு காரணம் இருந்தது. கொஞ்ச காலத்துக்கு முன்பு கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று பிரசவ வலி. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய அவள் புருஷன் மலையேறி ஓடி வந்தான். வளைவுக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியதில் அவனால் பேச முடியவில்லை. அக்காதான் போனைப் பிடுங்கிப் பேசினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பயம் அக்காவை விட்டுப் போகவில்லை. கீழேயே சிக்னல் வேண்டும் என்று பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் டவர் எங்கெங்கே வரும் என்ற பட்டியல் வந்தது. அக்காவின் தோட்டம் அதில் இல்லை. இங்கே ஏற்கெனவே நல்ல சிக்னல் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எப்படி இப்படி ஆனது என்று விசாரித்தால், சிக்னலை அளக்க வந்த வாகனம் தோட்டத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் நின்றிருக்கிறது. அக்கா கடை வாசலில். தேங்காய் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் தின்றுகொண்டே அளந்திருக்கிறார்கள். கருவி முழுசாக மதிப்பெண் போட்டுவிட்டது.

இதைச் சொன்னபோது அக்கா ரொட்டியைத் திருப்ப மறந்தார். அது கருகிப் புகைந்தது. தன் ரொட்டிதான் தோட்டத்தின் டவரைத் தின்றுவிட்டது என்பது அவருக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. அளந்தவர்கள் அன்றைக்குச் சம்பலுக்கு மேலே சம்பல் கேட்டு வாங்கியதை நினைத்து நினைத்துக் கொதித்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் வழக்கம்போல் வளைவில் இறங்கினோம். கடையைக் காணோம். நாலு கம்பும் பழைய அடுப்புச் சாம்பலும்தான் இருந்தன. சவுக்கு மரத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'ரொட்டி, தேத்தண்ணி கீழ் லயத்தில்.' கூடவே கீழ்நோக்கி ஓர் அம்பு.

எஞ்சினியர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். அளவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினார். வண்டியை அங்கேயே நிறுத்தி வைக்கும்படி டிரைவரிடம் சொல்ல நாங்கள் மறந்தோம். தேயிலைக்கு நடுவே வழுக்குப் படிகள். பாதி வழியில் மழை பிடித்தது. மழையோடு இரத்தம் உறிஞ்சும் அட்டைகளும் வந்தன. எஞ்சினியர் ஒரு காலுறையைக் கழற்றி அட்டையை எடுப்பதற்குள் மற்றக் காலுறையில் இன்னொன்று ஏறியது. அவர் அதற்கும் ஏறக்குறைய வணக்கம் சொல்லும் நிலையில் இருந்தார்.

கீழ் லயத்து முற்றத்தில் அக்கா புதுக்கடை போட்டு, சுடச்சுட ரொட்டியோடு காத்திருந்தார். தின்று முடித்து டிரைவரைக் கூப்பிடப் போனை எடுத்தால் ஒரு கோடுகூட இல்லை. டிரைவரோ நாங்கள் வர நேரமாகும் என்று பண்டாரவளைக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டிருந்தார். இரண்டு அதிகாரிகளும் எஞ்சினியரும் நானும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் சுற்றினோம். லயத்துக் குழந்தைகள் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் உயர்த்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஒரு குழந்தை அகப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

மழை விடவில்லை. வண்டி எங்கே என்று தெரியாது. நாங்கள் எங்கே என்று வண்டிக்கும் தெரியாது. மதியத்துக்கும் ரொட்டிதான். அக்கா ஒருவரிடமும் ஒன்றும் வாதாடவில்லை. வந்து வந்து தேத்தண்ணி ஊற்றிவிட்டு, பிரசவ வலி வந்த பெண்ணின் வீட்டைக் கையால் காட்டினார். அந்தப் பிள்ளை வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தது. நான் நடந்ததை எஞ்சினியருக்குச் சொன்னேன். அவர் கருவியை முற்றத்து நடுவில் வைத்து, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு அளந்தார். கருவி சுத்தமாகப் பூச்சியம் காட்டியது. அக்காவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பட்டியல் திருத்தப்பட்டது. கீழ் லயத்துக்கு மேலே ஒரு மேட்டில் டவருக்கு இடம் குறித்து, அடித்தளம் கொங்கிரீட்டும் போட்டார்கள். அக்கா கடையை மறுபடி வளைவுக்கு ஏற்றினார்.

பிறகுதான் நாடு வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. கடன் கொடுத்தவர்கள் புதிதாகக் காசு விடுவதை நிறுத்தினார்கள். எஞ்சினியர் ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஊருக்குப் போனார். எனக்கும் வேலை போயிற்று. மேட்டில் கொங்கிரீட்டும் அதில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளும் மிஞ்சின. யாரோ அதில் மிளகாய் காயவைக்கப் போக, பிணையில் இருக்கும் சாமானில் கை வைக்காதே என்று அக்கா விரட்டினார்.

ஒருநாள் என்னைப் பதுளையிலிருந்து வரவழைத்து, கொழும்பில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். அக்கா கையில் ரொட்டிக் கரண்டி இருந்ததால் போட்டுக் கொடுத்தேன். எடுத்தவர் ஒரு சிங்களப் பெண். அக்காவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. பெரகலயிலிருந்து உங்கள் கடனுக்குப் பிணை நிற்பவள் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் எந்தக் கடன் என்று குழம்பிப்போய்க் கேட்க, டவர் கடன் என்றார். பிறகு அவர் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது:

"நாங்க ஓடிப் போற ஆளுங்க இல்லம்மா. நாடு இப்ப முடியாமக் கெடக்கு, எந்திரிச்சிரும். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. எங்களப் பத்தி பெரகல சந்தியில யாரையும் விசாரிக்கலாம்."

மறுமுனையில் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணோ, உங்கள் பக்கம் சமையல் கேஸ் கிடைக்கிறதா என்று கேட்டார். தான் காலையில் வரிசையில் நின்றும் வெறுங்கையோடு வேலைக்கு வந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் விறகு அடுப்பைப் பற்றியே பேசினார்கள். ஈர விறகைப் பற்றவைக்கும் வித்தையை அக்கா கொழும்புக்குச் சொல்லிக்கொடுத்தார். கடன் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. வைக்கும்போது அந்தப் பெண் அக்காவை 'நங்கி' என்றாராம், தங்கச்சி. அக்காவுக்கு அதில் ஏகப் பெருமை.

வெகு காலம் கழித்து, கடன் கொடுத்த நாடுகளோடு அரசாங்கம் பேசி முடித்து வேலை திரும்பத் தொடங்கியது. பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. அக்காவைக் கேட்டால் கதை வேறு. தான் சொன்னதை அந்தப் பெண் மேலிடத்தில் எடுத்துச் சொல்லிவிட்டாள் என்பார். பழைய எஞ்சினியரே திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் காலுறைக்குள் கால்சட்டையைத் திணித்துக்கொண்டு, முதலில் ரொட்டிக் கடைக்குத்தான் நடந்தார்.

டவர் எழுந்தது. லயத்துக்குள் படுத்துக்கொண்டே கத்தாரோடு பேசலாம் என்று ஆனது. அந்த வாரம் நான் வளைவுக்குப் போனேன். சவுக்கு மரத்தடியில் ஆளில்லை. பெஞ்ச் காலி. பிசைந்த மாவு அப்படியே ஈரத்துணிக்கு அடியில் கிடந்தது. டவர் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முன்பே தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன தம்பி. மொத நாளே தெரியும்."

"பிறகு ஏங்க்கா?"

"பிணை நிக்கிறவ தன் யாவாரத்தப் பாப்பாளா?" என்றார். கரண்டியால் கீழே லயத்தைக் காட்டினார். "காசு கெடந்துட்டுப் போகுது. யாரு என்ன பேசுறாங்கன்னுதான் ஒன்னுமே தெரிய மாட்டேங்குது."

அந்தக் குறைக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். வளைவில் பேருந்துக்கு நிற்கிறவர்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே, ஓய்ந்த நேரத்தில் தோட்டத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, யாரோடு பேசினாய், என்ன சொன்னாய் என்று விசாரிக்கிறார். என் முறை காலையில் முகம் மழிக்கும் நேரத்தில் வரும். ஒரு கன்னத்தில் சோப்போடு நான் முழு வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும். பாத்ரூமுக்குள் இத்தனை நேரம் யாரோடு பேச்சு என்று மனைவி கதவைத் தட்டுவாள்.

அவர் போன் வராத காலைகளில், ஏதும் நடக்கவில்லை என்று சொல்வதற்காகவாவது நானே கூப்பிட்டுவிடுகிறேன்.