அண்ணாச்சியின் சட்டைப் பையில் மூன்று பியூஸ்

மத்திய அரசாங்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போன மனிதர் டில்லியில் ஒருவர்தான் இருந்தார். அவர் பியூஸ் அண்ணாச்சி. பிரதமர்களுக்குக்கூட அந்த வசதி வாய்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், லோதி ரோட்டுக்குப் பின்புறம் எங்கள் இலாகாவுக்கு ஒரு மரப்பட்டறை இருந்தது. சர்க்கார் அலுவலகங்களுக்கு வேண்டிய மேஜை, அலமாரி, தடுப்புப் பலகை எல்லாம் அங்கேதான் செய்வோம். நான் அதன் பொறுப்பு இன்ஜினியர். மதராசில் படித்து முதல் வகுப்பில் தேறியவன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துத் தச்சர். தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தார். வயது ஏறக்குறைய என் வயது. வருகைப் பதிவேட்டில் அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. சம்பள தினத்தைத் தவிர அதற்கு வேலை கிடையாது.

ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து பெரிய மரப்பெட்டியில் பேனல் சா வந்து இறங்கியது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரட்டைக் கட்டில் அளவுக்கு ஓர் இரும்பு மேஜை. அதன் நடுவே ஒரு பிளவு. பிளவின் வழியாக வட்ட ரம்பம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். முழு பிளைவுட் பலகையையும் பக்கத்தில் ஓடும் வண்டியில் கிடத்தித் தள்ளினால், வெண்ணெய் மாதிரி இரண்டாகிவிடும். இரண்டு தச்சர்கள் அரை நாள் செய்யும் வேலை அதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்.

மறுநாளே அதை ஓட்டிவிடலாம் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அண்ணாச்சி பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். முதல் நான்கு நாள் மேஜையைச் சமமாக நிறுத்துவதிலேயே போயிற்று. ரசமட்டம் சரியென்று சொன்னாலும் அவர் ஒப்பவில்லை. விளிம்பு வரை டீ ஊற்றிய கிளாஸை மேஜையின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்து, கீழே குந்தி உட்கார்ந்து அதையே பார்ப்பார். அந்த டீயைக் குடிக்க யாருக்கும் அனுமதி இல்லை.

அப்புறம் வெட்டுச் சோதனை. ஒரு பலகையை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் புரட்டிப் போட்டு, வெட்டிய விளிம்பு இரண்டையும் ஒட்டவைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடையில் வெளிச்சம் கசிந்தால் ரம்பம் ஓடும் கோடு கோணல் என்று அர்த்தம்.

"பாருங்க சார். வெளிச்சம் தெரியுதா?"

"இல்லையே."

"நல்லாப் பாருங்க."

"ஒண்ணும் தெரியலை அண்ணாச்சி. அற்புதமா இருக்கு."

"எனக்குத் தெரியுது. நீங்க கண்ணாடிய மாத்தணும் சார்."

மறுபடி எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தினார். எனக்குக் கோபம். அடுத்த வாரம் ஏதோ சந்தேகத்தில் கண் டாக்டரிடம் போனேன். பவர் கூடியிருந்தது.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் அவர் குடும்பக் கணக்கு. அதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

"எங்கப்பாவுக்கு எட்டு வெரலு. பெரியண்ணனுக்கு ஆறு. சின்னண்ணனுக்கு ஏழு. எனக்குப் பத்து. ஆக நாலு ஆம்பளைக்கு முப்பத்தோரு வெரலு. கலியாண வீட்ல நாங்க நாலு பேரும் வரிசையா நின்னு கும்பிட்டா ஊரே எண்ணும் சார். பத்தோட ஊருக்குத் திரும்பி வாரேன்னு எங்கம்மைக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

அந்தப் பத்துக்காக அவர் வகுத்த சட்டங்கள் அரசியலமைப்பைவிடக் கண்டிப்பானவை. முதல் சட்டம் மப்ளரைப் பற்றியது. டில்லிக் குளிரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மனிதர்கள் மப்ளருக்குள்ளேதான் குடியிருப்பார்கள். தொங்குகிற எதையும் ரம்பம் விரும்பி இழுக்கும் என்பது அண்ணாச்சியின் கட்சி. எனவே வாசல் தூணில் வரிசையாக ஆணி அடித்தார். இயந்திரத்தைத் தொடப் போகிறவன் மப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். வேலை முடித்து வெளியே வரும்போதுதான் திரும்ப எடுக்கலாம். முதல் ஆணி அவருடையது. அதில் ஒரு காவி நிற மப்ளர் தொங்கினால் அண்ணாச்சி மெஷினில் இருக்கிறார் என்று பொருள். கையுறையும் கூடாது. உதவியாள் கிரிதாரிக்கு நாற்பது வயது, மீரட்காரன். "அன்னாஜி, உங்களிடம் வேலை செய்து செத்தால் விரலெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் நிமோனியாவில் செத்திருப்பேன்" என்று இந்தியில் புலம்புவான்.

"எண்ணிப் பாத்துட்டுச் சாவு பையா" என்பார் அண்ணாச்சி.

இரண்டாவது சட்டம் சிவப்புக் கோடு. ரம்பத்துக்கு நேர் பின்னால் தரையில் பட்டையாகப் பெயின்ட் அடித்து அதற்கு யமன் ரோடு என்று பெயர் வைத்தார். பலகை இறுகி ரம்பத்தைக் கவ்விக்கொண்டால் துண்டு பின்பக்கம் எகிறி வரும், அந்த வழியில் யாரும் நிற்கக் கூடாது. ரம்பத்தின் பின்னால் மீன் துடுப்பு மாதிரி நிற்கும் தகடு வெட்டின வாயை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றுகிறவன் கையை நானே கழற்றுவேன் என்று அறிவித்திருந்தார். பெரிய அதிகாரி ஒருவர் சூட்டும் டையுமாகப் பார்க்க வந்து சரியாக யமன் ரோட்டில் நின்றார். அண்ணாச்சி அவரை முழங்கையைப் பிடித்து நகர்த்தியதோடு நிற்கவில்லை. டையைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டை ஆணிக்குப் போயிற்று.

மூன்றாவது, கேரட். புதிதாக யார் வந்தாலும் பையிலிருந்து டில்லியின் நீளச் சிவப்புக் கேரட் ஒன்றை எடுப்பார். "இது உங்க சுண்டுவெரல்னு வைச்சுக்கிடுங்க" என்று சொல்லி, தள்ளுக்குச்சியால் அதை ரம்பத்திடம் கொடுப்பார். சத்தம்கூட வராது. பிறகு துண்டுகளை வந்தவருக்கே தின்னக் கொடுப்பார். எங்கள் ஸ்டெனோ ஒருவர் அந்தக் குளிர்காலம் முழுக்க கேரட் அல்வா தொடவில்லை.

கடைசிச் சட்டம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சாப்பிடப் போனாலும் சரி, ரம்பத்தை மாற்றவோ தூளை வாரவோ மேஜைக்கு அடியில் கையை விட்டாலும் சரி, முதலில் சுவரில் இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்து, மூன்று பீங்கான் பியூஸ்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மார்பில் ஒரு புடைப்புடன் நடப்பார்.

"மெயினை அணைச்சாப் போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அணைச்சத எவனும் போடலாம் சார். எடுத்துட்டுப் போனத எப்படிப் போடுவான்?"

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஒரு நாள் டைரக்டர் சொல்லாமல் வந்து நின்றார். அண்ணாச்சி பல் பிடுங்கக் கரோல்பாக் போயிருந்தார், பியூஸ்களுடன். ஜெர்மன் இயந்திரத்தின் முன்னால் டைரக்டரும் நானும் முக்கால் மணி நேரம் வானிலை பற்றிப் பேசினோம். போகும்போது அவர், "அடுத்த முறை பல் டாக்டரிடம் முன்அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்றார். அன்று சாயங்காலமே நான் சாந்தினி சௌக் போய் அதே அளவில் மூன்று பியூஸ் வாங்கினேன். மேஜை டிராயரில், பைல்களுக்கு அடியில் வைத்தேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பையில் போட்டுக்கொள்வார்.

பிப்ரவரியில் அந்த டைரக்டர் மறுபடி வந்தார். மதியம் ஒரு மணி. கிரிதாரியைச் சமோசா வாங்க அனுப்பிவிட்டு, அவரை என் அறையில் உட்காரவைத்து, ஓடிப்போய்ப் பார்த்தேன். பியூஸ் பெட்டி காலி. மெஷினருகில் யாரும் இல்லை. அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டார் என்று நினைத்தேன். டிராயரிலிருந்து மூன்றையும் எடுத்து வந்து செருகினேன். தூணைத் தாண்டும்போது முதல் ஆணியில் காவி மப்ளர் தொங்கியது. பார்த்தேன். மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எண்ணினேன். எதையும் மறந்து நான் பார்த்திராத மனிதர் அவர்.

டைரக்டரை அழைத்து வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

அண்ணாச்சி மேஜையின் அந்தப் பக்கத்தில், பக்கவாட்டு மூடியைத் திறந்துவைத்து, படுத்தவாக்கில் ரம்பத்தை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"யாரு போட்டது?"

இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போயின.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி தலையணைக்கு அடியிலிருந்து வலது கையால் ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். மூன்று பீங்கான் பியூஸ்.

"சார், எம் பிள்ளைய மூணும் எங்கிட்ட இருக்கு. அப்பம் அங்கன பெட்டிக்குள்ள இருக்கது யாரு வீட்டுப் பிள்ளைய?"

"என்னோடது" என்றேன். சாந்தினி சௌக் முதல் மப்ளர் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு இருவத்தொம்பதாப் போச்சு" என்றார். பிறகு, "விசாரணை வருமோ?"

"வரும்."

"உங்க பேரு வெளிய வந்தா உங்கள மாத்திருவாவளா?"

"வேலையே போகலாம்."

"புதுசா ஒரு ஆபீசர் வருவாரு. அவரு மொதல் நாளே அந்தத் துடுப்புத் தகட்டக் கழத்தச் சொல்லுவாரு. யமன் ரோட்டுல நாற்காலி போட்டு உக்காருவாரு. உங்களுக்குப் படிச்சுக் குடுக்க எனக்கு ரெண்டு வெரலு செலவாயிருக்கு சார். அவருக்கு ஆரம்பத்துலேருந்து செலவழிக்கணும். என்னால முடியாது." முடிச்சைத் திரும்பக் கட்டினார். "கேட்டா, பியூசக் கழத்த மறந்துட்டேன்னு சொல்லிருதேன்."

வேண்டாம் அண்ணாச்சி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆரஞ்சு சாப்பிடுங்க" என்று சொன்னேன்.

விசாரணை கால் மணி நேரத்தில் முடிந்தது. பொத்தானை நான் அழுத்தியதை டைரக்டர் பார்த்திருந்தார், பியூஸ் செருகியதை யாரும் பார்க்கவில்லை. இயந்திரம் ஓடியிருக்கிறது, பெட்டியில் பியூஸ் இருந்திருக்கிறது, ஆகவே தொழிலாளி கழற்றவில்லை. அதிகாரி கேட்டார். அண்ணாச்சி சட்டைப் பையை ஒரு முறை தொட்டுக்கொண்டு, "மறந்துட்டேன் சாப்" என்று இந்தியில் சொன்னார். அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் 'சொந்தக் கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் ஏறியது. கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நல்ல கையெழுத்து. நடுங்கவே இல்லை.

வெட்டுப்பட்டது விரல்தான் என்று அப்போது நினைத்தேன். அவர் பெயரும்தான் என்று நாளாக ஆகத்தான் தெரிந்தது. பட்டறையில் எவன் எதை மறந்தாலும், "அன்னாஜி மாதிரி மறந்துவிட்டேன்" என்பது பேச்சாகிவிட்டது. கிரிதாரி சமோசாவுக்குச் சட்னி வாங்க மறந்தால்கூட அதையே சொன்னான். அண்ணாச்சியும் கூடச் சிரிப்பார். புதியவர்களுக்குக் கேரட்டை நிறுத்திவிட்டார். இடது கையைக் காட்டி, "நான் மறந்தேன், பாத்துக்கிடுங்க. கேரட்டு மிச்சம்" என்பார். நான் அங்கே நின்றால் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் கணக்கும் பொய்க்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு நான் இருந்த காலம் வரை அந்தப் பட்டறையில் ஒரு நகக்கண்ணுக்குக்கூடச் சேதம் வரவில்லை. டையை நானே கழற்றச் சொன்னேன். டைரக்டராக இருந்தாலும்.

எண்பதுகளின் நடுவில் அண்ணாச்சி வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினார். கடைசி நாள் மாலை பியூஸ் மூன்றையும் என் மேஜைமேல் வைத்தார். நான் டிராயரைத் திறந்து என்னுடைய மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன்.

"மேலே எழுதி அந்தச் சிவப்பு வரியை அடிச்சிடறேன் அண்ணாச்சி. இப்பவாவது."

"நான் போறப்ப எதுக்கு சார்? எங்கம்மைகிட்ட மட்டும் என்ன சொல்லன்னுதான் தெரியல. மறந்தேன்னா நம்ப மாட்டா."

"நான் போட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லிருவேன்" என்றார். கொஞ்சம் சிரித்தார். அவர் அம்மா ஒருத்திக்காவது உண்மை போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மீதி சர்வீஸை ஓட்டினேன். மேலே எழுதவே இல்லை.

கிளம்பும்போது மப்ளரை ஆணியிலேயே விட்டுவிட்டார். "எங்க ஊர்ல இதுக்கு என்ன சோலி" என்றார்.

இப்போது எழுதுகிறேன். வாசகர்கள் சாட்சி. அண்ணாச்சி மறக்கவில்லை. பியூஸ் மூன்றும் அவர் பையில் இருந்தன. போட்டது நான்.

ஓய்வு பெற்ற அன்று அந்த மப்ளரை எடுத்து வந்து, சென்னை வீட்டில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். இந்த வெயிலில் இது எதற்கு என்று மனைவி வருஷா வருஷம் கேட்கிறாள். அது அங்கே தொங்கட்டும். அதைத் தாண்டித்தான் நான் சுவிட்சுக்குக் கை நீட்ட வேண்டும், நீட்டுமுன் ஒரு தடவை, "அண்ணாச்சி, உள்ள இருக்கீங்களா?" என்று மனசுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.