இளநீர் அனுப்ப வேண்டாம், மச்சான்

சாலை, திருவனந்தபுரம்
12-6-1999

மதிப்பிற்குரிய மச்சான் ராஜையன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரத்னாபாயின் கணவன் ராஜமணி எழுதுவது. இங்கே நாங்கள் கர்த்தருடைய கிருபையாலும் ஆஸ்பத்திரி மெஷின் ஒன்றின் தயவாலும் சுகம். விதுராவில் நீங்களும் எலிசாள் அக்காவும் மெஷின் இல்லாமலே சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. சனிக்கிழமைதோறும் நீங்கள் பஸ்ஸில் ஏற்றிவிடும் இளநீர் மூட்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் வியாதிக்குப் பெயர் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அது உண்டாக்கும் ஏதோ ஒரு புரதம், மழைக்காலத்தில் என் கயிற்றுக்கடை முன்னால் ஓடை அடைத்துக்கொள்வதுபோல, சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொண்டது. மருந்துக்கு மஜ்ஜை அடங்கினால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்தாலும் செய்யும், இல்லையென்றால் ஆயுசுக்கும் ரத்தத்தைச் சுத்தம்பண்ணும் இந்த மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூத்திரம் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதுவரை தண்ணீரே அளந்துதான். இளநீர் ஒரு சொட்டுக்கூட ஆகாது. அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியே தள்ள என் உடம்புக்கு வழியில்லை, இருதயம் நின்றுபோகும். விதுரா பஸ் இங்கே நிற்கும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாக அவர் சொன்னார், நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

உங்கள் தங்கை கேட்டுக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் ஆசையா வெட்டி அனுப்புன எளநி வெசமா? மூத்திரம் போறதுக்குத்தான எளநி?" என்று சண்டை. நான் விடாப்பிடியாக நின்றதால் மூட்டை பக்கத்து வீட்டு ஓமனாவுக்குப் போயிற்று. இப்போது அந்த வீட்டில் கக்கூஸுக்கு வரிசை நிற்கிறார்கள், எனக்கு வரவேண்டியதெல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் சபையிலிருந்து லீலாபாய் வந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்தச் சகோதரனுக்குத் தடையில்லாத மூத்திரத்தைக் கட்டளையிடும்" என்று தெரு முழுக்கக் கேட்க ஜெபித்தார். அன்றுமுதல் ஓமனா காலையில் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணாச்சி, மூத்ரம் வந்நோ?" என்று, குழாயில் தண்ணீர் வந்ததா என்று விசாரிக்கும் அதே குரலில் விசாரிக்கிறாள். கடைக்குக் கயிறு வாங்க வருகிறவர்களும் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கிறார்கள்.

போன வாரம் கஞ்சி இனித்தது. கேட்டதற்கு உங்கள் தங்கை, "புது அரிசியாக்கும்" என்றாள். மறுநாள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறி, என் முறை வராமலே என்னை மெஷினில் கொண்டு போட்டார்கள். வெளியே உங்கள் தங்கை நர்ஸிடம் அழுவது கேட்டது: "பச்சையாத்தான் குடுக்கப்பிடாதுன்னு நெனச்சேன் சிஸ்டரே. கொதிக்க வச்சா தோஷமில்லைன்னு, மூட்டையில ரெண்டை ஒளிச்சு வச்சு, அந்த எளநியிலயே கஞ்சி வச்சிட்டேன்." எனக்குக் கோபம் வரவில்லை மச்சான், பயம்தான் வந்தது. நான் போயிருந்தால் அவள் ஆயுசு முழுக்க அந்தக் கஞ்சியையே நினைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

ஆகவே இளநீர் வேண்டாம். இனி மூட்டை வந்தால் அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிடுவேன், வருத்தப்படக் கூடாது. தாகம் இல்லாமல் இல்லை. கிணற்றுக்குக் கயிறு விற்றுக்கொண்டு நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருவதானால் வெறுங்கையோடு வாருங்கள், உங்களைப் பார்த்தால் போதும்.

எலிசாள் அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் தென்னைகளுக்கும் சொல்லவும், அவற்றின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
அளந்து குடிக்கும் மைத்துனன்,
ராஜமணி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளாய் மூத்திரம் கூடியிருந்ததை, கண் பட்டுவிடும் என்று ஓமனாவிடம்கூட நான் சொல்லவில்லை. ரத்தத்திலும் உப்பு இறங்கியிருக்கிறதாம். வருகிற வாரம் மெஷின் இல்லாமல் விட்டுப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னார். ரத்னாபாய் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டு, எல்லாம் அண்ணனுடைய இளநீரின் குணம் என்று நர்ஸுகளிடம் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. அவர்களும் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, சனிக்கிழமை மூட்டையைப் பெரிதாகவே ஏற்றிவிடவும். எனக்கென்று ஒன்றை மட்டும் வெட்டாமல் மரத்திலேயே விட்டுவையுங்கள். டாக்டர் 'குடிக்கலாம்' என்று சொல்வதற்குள் அது முற்றிவிட்டால், அடுத்த குலையில் ஒன்று.