அசம்மதியா, அசஹ்யமா?

வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையை நான் இன்றுவரை திரும்பப் பெறவில்லை. பெறப்போவதும் இல்லை.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் தமிழ் மீடியம் படித்து, கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவள் நான். என் தெலுங்கு பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் பொறுக்கியது. சண்டை போடப் போதும், கௌரவமாக மறுத்துப் பேசப் போதாது.

ஓர் அபார்ட்மென்ட்டின் நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் நைனா நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். என்னைப் பார்க்க வரும்போது லுங்கியும் தலையில் அரிசி மூட்டையுமாக லிஃப்ட்டில் ஏறுவார். (உள்ளே போயும் மூட்டையை இறக்க மாட்டார்.) ஒருமுறை அசோசியேஷன் பிரசிடென்ட்டும் கூட ஏறியிருக்கிறார். ரிட்டயர்டு ஆபீசர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். அந்த வாரமே வாட்ஸ்அப் குரூப்பில் புது விதி வந்தது. வேலைக்காரர்களும் மூட்டை சுமப்பவர்களும் இனிப் படியில்தான் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவாகும்.

என் வீட்டுக்காரர் பயந்துபோனார். நீ கத்தினால் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார், மரியாதையாக ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார் என்று சொல்லிக்கொடுத்தார்: "நா அசம்மதி தெலியஜேஸ்துன்னானு." எனக்குச் சம்மதமில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். சட்னி அரைக்கும்போதுகூட மனப்பாடம் செய்தேன்.

கூட்டத்தில் எழுந்தேன். பட்டுப்புடவை வேறு. (அது எதற்கென்று எனக்கே தெரியாது.) கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "நா அசஹ்யம் தெலியஜேஸ்துன்னானு" என்றேன்.

அசஹ்யம் என்றால் அருவருப்பு.

வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் புரிந்தது. பிரசிடென்ட் சிரித்தார். தமிழ்க்காரங்களுக்கு இப்படித்தான் வார்த்தை குழம்பும், அசம்மதி என்று திருத்திச் சொல்லும்மா என்றார். நாலு பேர் சிரித்தார்கள். காதெல்லாம் சுட்டது. திருத்தத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"லேதண்டி," என்றேன். "அசஹ்யமே."

இல்லைங்க, அருவருப்பேதான்.

இரண்டாவது மாடி டீச்சரம்மா எழுந்து தனக்கும் அதே என்றார். அப்புறம் இன்னும் சிலர். விதி அதோடு போயிற்று. நைனாவிடம் சொன்னபோது, "கம்முனு இருந்திருக்கலாமில்ல கண்ணு, நான் படியில ஏறிக்கினு வந்திருப்பேன்" என்றார். ஓனர் போன் செய்து, இனி உன் சம்சாரத்தைக் கூட்டத்துக்கு அனுப்பாதே என்றாராம். நான் எங்கே சார் அனுப்பினேன் என்றிருக்கிறார் இவர்.

அன்றிலிருந்து நான் லிஃப்ட்டில் இருந்தால் பிரசிடென்ட் ஏறுவதில்லை. அவர் வீடு இருக்கிற ஐந்தாவது மாடிவரை படிதான். இதற்குப் பிறகு நடந்ததை வீட்டுக்காரர் வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். பிரசிடென்ட்டின் சம்சாரம் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கெஞ்சியும் நடக்காத மனுஷனுக்கு இப்போது சுகர் இறங்கியிருக்கிறதாம். தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று சொன்னால், அதே நேரத்துக்கு அவரையும் அனுப்பிவைக்கிறேன் என்றார்.